பீரோவில் தூங்கும் கல்யாண சி.டி.யை போட்டுப் பார்க்க டிரைவ் இல்லையா? வெளியில் இணைக்கும் டி.வி.டி. ரைட்டர் வாங்குவோர் கவனத்துக்கு...

சென்னை:-

20 வருடத்துக்கு முன்பு கல்யாணம் ஆனவர்கள் வீட்டு பீரோவை திறந்தால், பட்டுப்புடவைக்கு அடியில் நிச்சயம் ஒரு சி.டி. இருக்கும். மேலே மாப்பிள்ளை, பெண் படம். உள்ளே முகூர்த்தம், தாலி கட்டு, பந்தி என்று மொத்த கல்யாணமும் அடக்கம்.

ஆனால் அதை போட்டுப் பார்க்கத்தான் இப்போது வழி இல்லை. வீட்டில் இருந்த வி.சி.டி. பிளேயர் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. புதிதாக வாங்கிய லேப்டாப்பை திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் சி.டி. போடும் இடமே கிடையாது.

இன்னொரு பக்கம், பிள்ளைகள் பிறந்தது முதல் எடுத்த போட்டோ எல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கிறது. அந்த கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆனால்? அவ்வளவுதான். கதை முடிந்தது.

இந்த இரண்டு சிக்கலுக்கும் ஒரே பெட்டியில் தீர்வு இருக்கிறது. அதுதான் 'எக்ஸ்டர்னல் ரைட்டர்' எனப்படும், வெளியில் வைத்து யு.எஸ்.பி. வயரில் இணைக்கும் டிஸ்க் ரைட்டர். பழைய சி.டி.யை படித்துக் கொடுக்கும். புது டிஸ்க்கில் எழுதியும் கொடுக்கும். ஆனால் கடையில் போய் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் காசு வீண். எதை பார்த்து வாங்குவது? அதன் விவரம் வருமாறு:-

ஒரே பிரதி... ஆபத்து!

சென்னைவாசிகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வேளச்சேரி பகுதிகளில் தரைதள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை மறுபடியும் மிதந்தன.

கம்ப்யூட்டரின் சி.பி.யு. பெட்டி பெரும்பாலான வீடுகளில் மேஜைக்கு அடியில்தான் இருக்கும். தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் முழுகுவது அதுதான்.

வெள்ளம்தான் வரவேண்டும் என்பதில்லை. 'சிஸ்டம் ஸ்லோவா இருக்கு' என்று மெக்கானிக்கை கூப்பிடுவார்கள். அவர் விண்டோசை அழித்துவிட்டு புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். டெஸ்க்டாப்பில் வைத்திருந்த போட்டோ எல்லாம் அதோடு போயிருக்கும். அது சி டிரைவில் இருந்தது என்பதே வீட்டில் இருப்பவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

படிப்பு சான்றிதழ் தொலைந்தால்கூட ஆபீஸ் ஆபீசாக அலைந்து நகல் வாங்கலாம். 2015-ம் ஆண்டு வந்த டிஜிலாக்கரில் பல சான்றிதழ்களை இறக்கிக் கொள்ளலாம். ஆனால் இறந்துபோன அப்பாவின் குரல் பதிவான வீடியோ போய்விட்டால் எந்த ஆபீசில் மனு கொடுப்பது?

முதல் கேள்வி: எத்தனை ஜி.பி.?

கடைக்கு கிளம்பும் முன்பே வீட்டில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. காப்பாற்ற வேண்டிய போட்டோ, வீடியோ, ஆவணங்களை ஒரே போல்டரில் போட வேண்டும். அதன் மேல் மவுசை வைத்து வலது பக்க பட்டனை அழுத்தி, 'புராப்பர்ட்டீஸ்' போனால் மொத்தம் எத்தனை ஜி.பி. என்று காட்டும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொள்ள வேண்டும். எந்த ரைட்டர் வாங்குவது என்பதை அந்த சீட்டுதான் முடிவு செய்யும்.

ஒரு சி.டி.யில் 700 எம்.பி.தான் பிடிக்கும். சாதாரண டி.வி.டி.யில் 4.7 ஜி.பி., இரண்டு அடுக்கு டி.வி.டி.யில் 8.5 ஜி.பி. பிடிக்கும். புளூ ரே டிஸ்க்கில் 25 ஜி.பி., அதன் இரண்டு அடுக்கு டிஸ்க்கில் 50 ஜி.பி. வரை ஏற்றலாம். அதற்கும் மேலே 100 ஜி.பி. பிடிக்கும் டிஸ்க்கும் உண்டு. ஆனால் அது 'பி.டி. எக்ஸ்.எல்.' என்று போட்ட ரைட்டரில் மட்டும்தான் வேலை செய்யும்.

4.7 ஜி.பி. டி.வி.டி.யை போட்டால் கம்ப்யூட்டர் 4.37 ஜி.பி. என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க் கம்பெனி கணக்கு போடும் முறை வேறு, விண்டோஸ் கணக்கு போடும் முறை வேறு. இடம் ஒன்றுதான்.

செல்போன் போட்டோ ஒன்று சராசரியாக 4 எம்.பி. என்று வைத்துக் கொண்டால், ஒரு டி.வி.டி.யில் சுமார் ஆயிரம் போட்டோ அடங்கும். ஒரு புளூ ரே டிஸ்க்கில் 6 ஆயிரம் போட்டோ வரை அடங்கும்.

யாருக்கு எது சரி?

சீட்டில் எழுதிய எண் 20, 30 ஜி.பி.க்குள் இருந்தால் சாதாரண டி.வி.டி. ரைட்டர் போதும். ஆறேழு டிஸ்க்கில் வேலை முடிந்துவிடும். பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளைகள் சான்றிதழ், பொறுக்கி எடுத்த குடும்ப போட்டோ என்று வைத்திருக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே தாராளம். விலையும் கைக்கு அடக்கம்.

வீடியோகிராபர் எச்.டி.யில் கொடுத்த கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ என்று 100, 200 ஜி.பி. இருந்தால் புளூ ரே ரைட்டரை யோசிக்கலாம். ஆனால் டி.வி.டி. ரைட்டரை விட விலை பல மடங்கு வரும். டிஸ்க் விலையும் கூடுதல்.

கம்ப்யூட்டரில் இருக்கும் 500 ஜி.பி.யையும் அப்படியே எடுக்க வேண்டும் என்றால் ரைட்டரே வேண்டாம். டி.வி.டி.யில் எழுதினால் 100-க்கும் மேல் டிஸ்க் ஆகும். புளூ ரேயில் எழுதினாலும் 20 டிஸ்க். உட்கார்ந்து எழுதி முடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அந்த காசுக்கு வெளியில் இணைக்கும் ஹார்டு டிஸ்க் வாங்குவதே புத்திசாலித்தனம்.

அப்படியானால் டிஸ்க் எதற்கு? போனால் திரும்பி வராது என்ற சாமான்களுக்கு மட்டும். ஹார்டு டிஸ்க்கில் எல்லாம், டிஸ்க்கில் பொக்கிஷம். இதுதான் கணக்கு.

பூட்டு போடும் வைரஸ்

டிஸ்க்குக்கு இன்னொரு பலமும் உண்டு. 2017-ம் ஆண்டு மே மாதம் 'வானாகிரை' என்ற வைரஸ் உலகம் முழுவதும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் புகுந்தது. உள்ளே இருந்த பைல்களை எல்லாம் பூட்டி வைத்துக் கொண்டு, 'பணம் கொடு, சாவி தருகிறேன்' என்று மிரட்டியது.

இந்த மாதிரி வைரஸ் வரும் நேரத்தில் ஹார்டு டிஸ்க்கோ, பென் டிரைவோ கம்ப்யூட்டரில் சொருகி இருந்தால் அதில் இருப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆனால் ஒருமுறை எழுதி முடித்து மூடிய டிஸ்க்கில் எந்த வைரசும் கை வைக்க முடியாது. அழிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. கல்லில் வெட்டிய எழுத்து மாதிரி.

பெட்டி மேல் என்ன எழுதியிருக்கு?

கடையில் ஏமாறும் இடம் இதுதான். வெளியில் இருந்து பார்த்தால் எல்லா டிரைவும் ஒரே மாதிரி, தட்டையாக, கருப்பாக இருக்கும். உள்ளே சமாசாரம் வேறு.

'டி.வி.டி. ரோம்' என்று போட்டிருந்தால் அது படிக்க மட்டும்தான். எழுதாது. 'டி.வி.டி. ரைட்டர்' அல்லது 'டி.வி.டி. ஆர்.டபிள்யூ.' என்று போட்டிருந்தால்தான் எழுதும்.

'புளூ ரே காம்போ' என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டால் எல்லாம் செய்யும் போல இருக்கும். ஆனால் அது புளூ ரே டிஸ்க்கை படிக்கும், எழுதாது. டி.வி.டி.யை மட்டும்தான் எழுதும். புளூ ரேயில் எழுத வேண்டும் என்பவர்கள் 'புளூ ரே ரைட்டர்' என்று தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும்.

புளூ ரே ரைட்டர் வாங்கினால் பழைய சி.டி., டி.வி.டி.யும் பொதுவாக அதிலேயே ஓடும். ஒவ்வொரு வகை டிஸ்க்குக்கும் தனித்தனி லேசர் ஒளியை அது வைத்திருக்கும். ஆனால் டி.வி.டி. ரைட்டரில் புளூ ரேயை போட்டால் ஒன்றும் தெரியாது.

கரண்டு எங்கிருந்து வருது?

தட்டையான சின்ன ரைட்டருக்கு தனி கரண்டு வயர் கிடையாது. கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளையில் இருந்தே மின்சாரத்தை எடுத்துக் கொள்ளும். பழைய யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும். யு.எஸ்.பி. 3.0 துளை 900 வரை கொடுக்கும். எழுதும்போதுதான் ரைட்டருக்கு பசி அதிகம்.

கரண்டு பத்தாவிட்டால் 'டக் டக்' என்று சத்தம் வரும். பாதியில் தொடர்பு அறுந்து, எழுதிய டிஸ்க் பாழாகும். ரைட்டர் கெட்டுப்போச்சு என்று நினைத்து தூக்கி எறிந்து விடக்கூடாது. ஒரே துளையை நாலாகப் பிரிக்கும் 'ஹப்'பில் சொருகாமல் நேரடியாக லேப்டாப்பில் சொருக வேண்டும். பெரிய கம்ப்யூட்டராக இருந்தால் முன்பக்க துளையை விட்டுவிட்டு பின்பக்க துளையில் சொருகிப் பார்க்க வேண்டும். சில ரைட்டரோடு இரண்டு முனை வயர் கொடுப்பார்கள். இரண்டையும் சொருகினால் சரியாகிவிடும்.

பெரிய செங்கல் அளவு ரைட்டருக்கு தனி அடாப்டர் உண்டு. வேகமும் கூடுதல். அடிக்கடி டிஸ்க் எழுதுகிறவர்களுக்கு அது நல்லது. வருடத்துக்கு ஒருமுறை எழுதும் வீட்டுக்கு சின்னது போதும்.

வயரின் முனையையும் பார்க்கணும். புதிய லேப்டாப் சிலவற்றில் நீள்வட்ட வடிவ 'டைப் சி' துளை மட்டுமே இருக்கிறது. ரைட்டர் வயரோ பழைய பட்டையான முனையாக இருந்தால் நுழையாது. தனியாக ஒரு கன்வெர்ட்டர் வாங்கும்படி ஆகும்.

வேகத்துக்கு காசு கொட்ட வேண்டாம்

'8 எக்ஸ்', '24 எக்ஸ்' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். தட்டையான ரைட்டர்கள் பெரும்பாலும் டி.வி.டி.யை 8 எக்ஸ் வேகத்தில் எழுதும். அதாவது நொடிக்கு சுமார் 11 எம்.பி. ஒரு முழு டி.வி.டி. எழுத 10 நிமிடம் ஆகும். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். இதைவிட அவசரம் வீட்டு வேலைக்கு தேவையில்லை.

டி.வி.டி.க்கு யு.எஸ்.பி. 2.0-வே போதும். புளூ ரே ரைட்டர் என்றால் மட்டும் 3.0 பார்த்து வாங்குவது நல்லது.

சென்னையில் இதை வாங்க அண்ணா சாலை பக்கம் இருக்கும் ரிச்சி தெருவுக்குத்தான் பலரும் ஓடுவார்கள். எங்கே வாங்கினாலும் பில், வாரண்டி இரண்டையும் கேட்டு வாங்கணும். பழைய லேப்டாப்பில் இருந்து கழற்றிய டிரைவுக்கு புது உறை போட்டு விற்பதும் உண்டு. அதில் லேசர் தேய்ந்து போயிருக்கலாம். "அண்ணே, ஒரு டிஸ்க் எழுதிக் காட்டுங்க" என்று கடையிலேயே கேட்டுவிடுவது உத்தமம். கையோடு ஒரு பழைய சி.டி.யையும் எடுத்துப் போனால், படிக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

எந்த டிஸ்க் வாங்குவது?

ரைட்டரில் காட்டும் அக்கறையை டிஸ்க்கில் பலர் காட்டுவதில்லை. சரக்கு இருப்பது டிஸ்க்கில்தான்.

'ஆர்' என்று முடியும் டிஸ்க் ஒருமுறை மட்டும் எழுதலாம். 'ஆர்.டபிள்யூ.' என்று முடிவதை அழித்து அழித்து எழுதலாம். 'திரும்ப பயன்படுமே' என்று ஆசைப்பட்டு ஆர்.டபிள்யூ. வாங்க வேண்டாம். காலத்துக்கும் வைத்திருக்க 'ஆர்' டிஸ்க்தான் சரி. டி.வி.டி. பிளஸ் ஆர், மைனஸ் ஆர் என்று இரண்டு வகை இருந்தாலும் இப்போதைய ரைட்டர் இரண்டையும் எழுதும். குழம்ப வேண்டாம்.

'எம்-டிஸ்க்' என்ற வகையும் உண்டு. சாதாரண டி.வி.டி.யில் எழுதும் பகுதி ஒரு சாயப்பூச்சு. வெயில் பட்டால் சாயம் போகும். எம்-டிஸ்க்கில் சாயத்துக்கு பதிலாக கல் போன்ற பூச்சு இருக்கும். ஆயிரம் வருடம் தாங்கும் என்று அதை உருவாக்கிய கம்பெனி சொன்னது. ஆயிரம் வருடத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் சாதாரண டிஸ்க்கை விட கெட்டி என்பதால் முக்கியமானதற்கு வாங்கலாம். எம்-டிஸ்க் டி.வி.டி. எழுத ரைட்டர் பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்கணும்.

டிஸ்க் கம்பெனிகள் குறைந்து வருவதும் உண்மை. 28 ரூபாய்க்கு தமிழ்ப்பட வி.சி.டி. கொடுத்து வீடு வீடாகப் புகுந்த மோசர் பேர் கம்பெனியை 2018-ம் ஆண்டு இழுத்து மூட தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சோனி நிறுவனம் பதிவு செய்யும் புளூ ரே டிஸ்க் தயாரிப்பை 2025-ம் ஆண்டு பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. வேறு கம்பெனி டிஸ்க்குகள் கிடைக்கின்றன. ஆனாலும் டிஸ்க்கை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு எச்சரிக்கை மணி.

எழுதும்போது கவனம்

காலி டிஸ்க்கை போட்டதும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும். 'பென் டிரைவ் போல பயன்படுத்தவா, சி.டி., டி.வி.டி. பிளேயரில் ஓடும்படி எழுதவா?' என்பதுதான் அந்த கேள்வி. பத்திரப்படுத்தும் டிஸ்க்குக்கு இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவதில் எழுதினால் வேறு கம்ப்யூட்டரில் திறக்காமல் தகராறு செய்யலாம்.

எழுதும் நேரத்தில் சினிமா பார்ப்பது, வயரை ஆட்டுவது எல்லாம் கூடாது. லேப்டாப்பில் சார்ஜர் சொருகி இருக்க வேண்டும்.

எழுதி முடித்தவுடன் 'அப்பாடா' என்று உறையில் போட்டு மூடிவிடக் கூடாது. டிஸ்க்கை வெளியே எடுத்து, மறுபடியும் போட்டு, உள்ளே இருப்பதை எல்லாம் கம்ப்யூட்டரில் வேறொரு போல்டருக்கு காப்பி செய்து பார்க்க வேண்டும். தடங்கல் இல்லாமல் முழுசாக காப்பி ஆனால்தான் டிஸ்க் பாஸ். முடிந்தால் இன்னொருவர் வீட்டு கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்க்கலாம். இந்த 10 நிமிட சோதனையை செய்யாதவர்கள், பல வருடம் கழித்து டிஸ்க்கை போட்டுப் பார்த்து தலையில் கை வைப்பார்கள்.

பழைய கல்யாண சி.டி.யை மீட்பது எப்படி?

ரைட்டர் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை புது டிஸ்க் எழுதுவது அல்ல. பீரோவில் இருக்கும் பழைய டிஸ்க்குகளை எல்லாம் வெளியே எடுப்பதுதான். நாள் ஆக ஆக அவை கெட்டுக்கொண்டே இருக்கின்றன.

வி.சி.டி.யை போட்டால் உள்ளே 'எம்பெக் ஏ.வி.' என்ற போல்டர் இருக்கும். அதில் '.டாட்' என்று முடியும் பைல்தான் வீடியோ. டி.வி.டி.யாக இருந்தால் 'வீடியோ டி.எஸ்.' என்ற போல்டரில் '.வி.ஓ.பி.' என்று முடியும் பைல்கள் இருக்கும். அந்த போல்டரை அப்படியே கம்ப்யூட்டருக்கு காப்பி செய்தால் போதும். 'வி.எல்.சி.' என்ற இலவச சாப்ட்வேரில் இரண்டும் ஓடும்.

படிக்காமல் அடம் பிடித்தால், மெல்லிய பருத்தித் துணியால் டிஸ்க்கின் நடுவில் இருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. அப்படியும் ஓடாவிட்டால் வேறு டிரைவில் போட்டுப் பார்க்கலாம். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொரு டிரைவ் படித்துவிடுவது உண்டு. விரிசல் விட்ட டிஸ்க்கை மட்டும் போடவே கூடாது. வேகமாகச் சுற்றும்போது உள்ளேயே நொறுங்கி ரைட்டரையும் காலி செய்துவிடும்.

எங்கே வைப்பது?

டிஸ்க்கின் பளபளப்பான பக்கத்தை தொடக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சி.டி.யில் பெயர் எழுதும் மேல்பக்கம்தான் ரொம்ப மென்மை. எழுத்துப் பதிவு இருப்பது அதற்கு நேர் கீழேதான். அங்கே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தீர்ந்தது. டிஸ்க்கில் எழுதுவதற்கென்றே இருக்கும் மார்க்கரால் தேதி, விவரம் எழுத வேண்டும். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம்.

வெயில், ஈரம், தூசி மூன்றும் எதிரி. டி.வி. மேலேயும், ஜன்னல் ஓரத்திலும் வைக்கக் கூடாது. தனித்தனி டப்பாவில் போட்டு, புத்தகம் அடுக்குவது போல நிற்க வைக்க வேண்டும். தண்ணீர் புகும் பகுதியில் இருப்பவர்கள் பிளாஸ்டிக் பையில் கட்டி பரண் மேல் வைப்பது நல்லது.

ஒவ்வொன்றிலும் இரண்டு காப்பி எழுதி, ஒன்றை ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ, சித்தப்பா வீட்டிலோ கொடுத்து வைக்க வேண்டும். சென்னையில் வெள்ளம் வந்தாலும் மதுரையில் இருக்கும் டிஸ்க் நனையாது. 3 பிரதி, 2 வகை சாதனம், 1 வெளியூரில் என்பதுதான் விவரம் தெரிந்தவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு.

வங்கி பாஸ்வேர்டு, ரகசிய எண் எல்லாம் டிஸ்க்கில் எழுத வேண்டாம். டிஸ்க்குக்கு பூட்டு கிடையாது. யார் கையில் கிடைத்தாலும் திறந்துவிடும். வேண்டாத டிஸ்க்கை குப்பையில் போடும் முன்பு, துணியில் சுற்றி உடைத்துப் போட வேண்டும்.

வருடத்துக்கு ஒருநாள், ஆயுத பூஜைக்கு கம்ப்யூட்டரை துடைத்து பொட்டு வைக்கும்போது, டிஸ்க்குகளையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். ஏதாவது ஒன்று திணறினால், மற்ற காப்பியில் இருந்து உடனே புதிதாக ஒன்று எழுதிவிட வேண்டும். இரண்டாவது காப்பி இருக்கும்வரைதான் இந்த வசதி. அதுவும் போய்விட்டால் எந்த ரைட்டர் வாங்கியும் பிரயோஜனம் இல்லை.